தாமிரபரணி பேரையே வெச்சிருக்கிற மீன்... நெல்லைக்காரங்களே, உங்களுக்குத் தெரியுமா?

'உங்க ஊர் ஸ்பெஷல் என்ன?'ன்னு கேட்டா, அல்வாவைத் தாண்டி நாம யோசிக்கிறதே இல்லை. ஆனா, நம்ம ஆத்துப் பேரையே அறிவியல் பெயராகச் சுமக்கிற ஒரு மீன் இருக்கு. 'டாக்கின்சியா தாம்பரபர்ணியை'. தாமிரபரணியையும் அதோட கிளை ஆறுகளையும் விட்டா, வேற எங்கேயும் இயற்கையா இல்லாத கெண்டை இனம். இப்போ சர்வதேச செம்பட்டியலில் அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களோடு இதுவும் இருக்கு.

1954-ல் மீனியல் அறிஞர் இ.ஜி.சைலஸ் இதைப் பதிவு செய்தபோது, காவிரியில் இருக்கும் 'அருளியஸ்' கெண்டையின் துணை இனம்னுதான் எழுதினார். அப்புறம்தான் தனி இனமானது. 'டாக்கின்சியா' என்ற முதல் பெயர் 2012-ல் வந்தது. ரோஹன் பெத்தியகொட உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள், ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவிக்கிற விதமா வெச்சாங்க. இலங்கைக்கே ஒருகாலத்தில் 'தாமிரபரணி'ன்னு பேர் இருந்தது தனிக்கதை!

சரி, அடையாளம்? வெள்ளி உடம்பில் கறுப்புத் திட்டுகள். வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலா நீளும்.

இதுக்குப் போட்டி யார்னா, சந்தையில் நீங்க அடிக்கடி பார்க்கிற ஜிலேபி கெண்டை. பேர்தான் கெண்டை, உண்மையில் திலாப்பியா. நம்ம கரிமீனைப் போல 'சிக்லிட்' குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, 1952-ல் மண்டபத்துக்கு வந்து இறங்கினது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். ஆபத்துன்னா குஞ்சுகளும் திரும்ப வாய்க்குள்ளே ஓடிரும். நம்ம கெண்டையோ செடிகளுக்கு நடுவில் முட்டையைத் தூவிட்டுப் போயிரும். அதை யார் தின்னாலும் கேட்க ஆளில்லை. இன்னொரு கூத்து... இதே மொசாம்பிக் திலாப்பியா சொந்த ஊர்ல ஆபத்தில் இருக்கு! அங்கே போய் விடப்பட்ட நைல் திலாப்பியாவோட கலந்து, அசல் இனம் கரைஞ்சுக்கிட்டே வருது.

திலாப்பியாவை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. மேலே பாபநாசம் அணை, கீழே ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். ஓடுற தண்ணி தேங்கின தண்ணியா மாறினா ஜிலேபிக்குக் கொண்டாட்டம். கழிவுநீர், மணல் கொள்ளை வேற. பரிகாரம்னு பாபநாசத்துல துணியை ஆத்தோட விட்டுட்டு வர்றதை இனியாவது நிறுத்தலாமே மக்கா!

வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற மீன் பெருசாகிட்டா 'பாவம், பிழைச்சுப் போகட்டும்'னு ஆத்துல விடாதீங்க. டேங்க் கிளீனர் மீனுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும். கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுங்க.

குளிக்கப் போகும்போது நூல் துடுப்பு கண்ணில் பட்டா, பிடிக்க வேண்டாம். பக்கவாட்டில் திட்டுகளும் வாலும் தெளிவா தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, இடத்தோட 'ஐநேச்சுரலிஸ்ட்' ஆப்ல பதிவு பண்ணுங்க.