செகண்ட் லைஃப்: மெய்நிகர் உலகில் சொத்துரிமையின் வரலாறு

செகண்ட் லைஃப் என்பது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் மாதத்தில் தொடங்கிய இணையவழி மெய்நிகர் உலகம் ஆகும். பயனர்கள் தமக்கென ஓர் அவதாரத்தை அமைத்துக்கொண்டு அதில் உலவலாம், வீடு, உடை, வாகனம் போன்றவற்றை வடிவமைத்து விற்கலாம், நிலம் வாங்கலாம். வெல்ல வேண்டிய இலக்கு எதுவும் இதில் இல்லை. பயனர்கள் உருவாக்கியவை அவர்களுக்கே சொந்தம் என்று வெளிப்படையாக அறிவித்த முதல் பெரிய மெய்நிகர் உலகங்களுள் இதுவும் ஒன்று. அந்த அறிவிப்பின் பொருள் என்ன என்ற கேள்வி பின்னர் பல வழக்குகளுக்கு இட்டுச் சென்றது.

பின்னணி

1997-இல் வெளியான அல்டிமா ஆன்லைன், 1999-இல் வெளியான எவர்குவெஸ்ட் ஆகிய விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பங்கேற்றனர். பல மாத உழைப்பில் சேர்த்த வாள், கவசம், நாணயம் முதலியவற்றை விளையாட்டாளர்கள் ஈபே ஏலத் தளத்தில் உண்மையான பணத்துக்கு விற்கத் தொடங்கினர். பொருளியலாளர் எட்வர்டு காஸ்ட்ரோனோவா 2001-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், எவர்குவெஸ்டின் கற்பனை நாடான நோராத்தின் தலா வருமானம் ரஷ்யாவின் தலா வருமானத்துக்கு இணையானது என்று கணக்கிட்டுக் காட்டினார்.

ஆனால் இவ்விளையாட்டுகளின் சேவை விதிமுறைகள், விளையாட்டுக்குள் உள்ள அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று கூறின. எவர்குவெஸ்டை நடத்திய சோனி நிறுவனம் 2001-இல் அத்தகைய விற்பனை விளம்பரங்களை நீக்குமாறு ஈபேயைக் கேட்டுக்கொண்டது. சந்தை மதிப்புள்ள பொருள் ஒன்றுக்குச் சட்டப்படி உரிமையாளர் யார் என்ற முரண்பாடு அப்போதே தோன்றிவிட்டது.

2003 அறிவிப்பு

செகண்ட் லைஃப் தொடக்கத்தில் பயனர்கள் கட்டிய பொருட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி விதித்தது. இதனால் அதிகமாகக் கட்டியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். 2003-இல் அவர்கள் பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சியை நினைவூட்டும் வகையில் மெய்நிகர் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிவைத்துப் போராடினர். அதே ஆண்டின் இறுதியில் நிறுவனம் வரிமுறையைக் கைவிட்டு, நிலத்துக்கு மாதக் கட்டணம் பெறும் முறைக்கு மாறியது.

2003 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில், பயனர்கள் உருவாக்கும் படைப்புகளின் அறிவுசார் சொத்துரிமை அவர்களிடமே இருக்கும் என்று லிண்டன் லேப் அறிவித்தது. இம்மாற்றத்தில் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக்கின் ஆலோசனையும் பெறப்பட்டது. நிறுவனர் பிலிப் ரோஸ்டேல், பயனர்கள் நிலத்தையும் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று ஊடகங்களில் தொடர்ந்து கூறிவந்தார். உள்நாட்டு நாணயமான லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றும் வசதியும் ஏற்பட்டது. சிலர் இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டனர்.

பதிப்புரிமையும் உடைமையும்

2003 அறிவிப்பு வழங்கியது பதிப்புரிமை போன்ற அறிவுசார் உரிமைகளையே. ஒரு நாவலின் பதிப்புரிமை எழுத்தாளருக்கு உரியது. ஆனால் நூலகத்தில் உள்ள பிரதி அவருடையது அன்று. அதுபோல, ஒரு நாற்காலியின் வடிவமைப்பு பயனருக்கு உரியதாக இருந்தாலும், அந்த நாற்காலி லிண்டன் லேபின் வழங்கிக் கணினியில் ஒரு தரவுப் பதிவாகவே இருந்தது. கணக்கு முடக்கப்பட்டால் படைப்பாளியால் தம் படைப்பைத் தொடக்கூட முடியாது. நிலமோ யாரும் படைத்ததன்று என்பதால் அதற்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பும் இல்லை. 65,536 சதுர மீட்டர் கொண்ட ஒரு வட்டாரம் என்பது உண்மையில் வழங்கிக் கணினியின் திறனில் ஒரு பங்கே ஆகும்.

பதிப்புரிமையைக் காப்பதும் எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு பொருளையும் நகலெடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்பதை அதன் படைப்பாளி முடிவு செய்யும் வசதி மென்பொருளில் இருந்தது. 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற நிரல் இக்கட்டுப்பாட்டை மீறிப் பொருட்களை நகலெடுத்தது. கடைக்காரர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்துக் கடைகளை மூடினர். அனுமதியின்றி நகலெடுப்பது விதிமீறல் என்று அறிவித்த நிறுவனம், பாதிக்கப்பட்டவர்கள் 1998-ஆம் ஆண்டின் எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி முறையிடலாம் என்றது. 2007-இல் ஈரோஸ் என்ற நிறுவனம், தான் வடிவமைத்த மெய்நிகர் கட்டிலின் போலிகளை விற்றவர்மீது புளோரிடா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எதிராளியின் அவதாரப் பெயர் மட்டுமே தெரிந்திருந்ததால், அவர் யார் என்று கண்டறிவதே முதல் வேலையாயிற்று. வழக்கு இணக்கத்தில் முடிந்தது.

பிராக் வழக்கு

பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் மார்க் பிராக் செகண்ட் லைஃபில் நிலங்களை வாங்கி விற்றுவந்தார். மெய்நிகர் வாணவேடிக்கைகளையும் வடிவமைத்து விற்றார். 2006 ஏப்ரலில் டேசாட் என்ற நிலத்தை 300 டாலருக்கு வாங்கினார். முறைகேடான வழியில் ஏலத்தில் நுழைந்து வாங்கியதாகக் கூறி, லிண்டன் லேப் அந்த நிலத்தைப் பறித்ததோடு அவருடைய கணக்கையும் முடக்கியது. கணக்கில் இருந்த பிற நிலங்கள், பொருட்கள், பணம் அனைத்தும் அவர் கையைவிட்டுப் போயின. பிராக் நிறுவனத்தின்மீதும் ரோஸ்டேல்மீதும் வழக்குத் தொடுத்தார்.

சேவை விதிமுறைகளின்படி தகராறுகள் சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் தீர்வுக்கே செல்ல வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. 2007 மே 30 அன்று நீதிபதி எட்வர்டோ ரொப்ரேனோ இதை ஏற்க மறுத்தார். பயனர் பேரம்பேச வழியில்லாத ஒப்பந்தம் அது. நிறுவனம் விரும்பியபோது கணக்கை முடக்கவும் விதிகளை மாற்றவும் முடியும். பயனரோ மிகுந்த செலவில், இரகசியமாக நடக்கும் நடுவர் விசாரணைக்கே செல்ல வேண்டும். இது நியாயமற்றது என்று அவர் தீர்ப்பளித்தார். நிலம் சொந்தமாகும் என்று ரோஸ்டேல் நாடெங்கும் செய்த பரப்புரையே, அவரைப் பென்சில்வேனியா நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற முடிவுக்கு அடிப்படையாயிற்று.

ஆனால் முதன்மைக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 2007 அக்டோபரில் இருதரப்பும் இரகசிய உடன்பாட்டுக்கு வந்தன. பிராக்கின் கணக்கு திரும்பக் கிடைத்தது. மெய்நிகர் நிலம் சட்டப்படி சொத்தா என்று நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை.

விதிமுறை மாற்றங்கள்

2010-இல் லிண்டன் லேப் தன் விதிமுறைகளைத் திருத்தி, மெய்நிகர் நிலமும் லிண்டன் டாலரும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று தெளிவுபடுத்தியது. சொந்தம் என்று நம்பிப் பணம் போட்ட பயனர்கள் சிலர் எவன்ஸ் வழக்கு என அறியப்படும் கூட்டு வழக்கைத் தொடுத்தனர். அது கலிபோர்னியாவுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் சமரசத்தில் முடிந்தது. 2013 ஆகஸ்ட் திருத்தம், பயனர்களின் படைப்புகளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தவும் மறுவிற்பனை செய்யவும் நிறுவனத்துக்கு விரிந்த உரிமம் அளித்தது. பதிப்புரிமை பெயரளவில் படைப்பாளியிடம் இருந்தும் அதன் பயன் குறைந்துவிட்டது என்று பலர் எதிர்த்தனர். 2014-இல் அவ்விதி ஓரளவு தளர்த்தப்பட்டது.

பிற நாடுகளில்

சீனாவில் ரெட் மூன் என்ற விளையாட்டில் தம் மெய்நிகர் ஆயுதங்களைத் திருட்டில் இழந்த ஒருவர், அதை நடத்திய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அவற்றை மீட்டுத் தருமாறு 2003 டிசம்பரில் பெய்ஜிங் நீதிமன்றம் ஆணையிட்டது. 2021-இல் நடைமுறைக்கு வந்த சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 127-ஆம் பிரிவு மெய்நிகர் சொத்தைப் பெயரிட்டே குறிப்பிடுகிறது. பாதுகாப்பின் விவரங்களைப் பிற சட்டங்களுக்கு விட்டுவிடுகிறது.

நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை இருவர் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவனிடமிருந்த தாயத்தையும் முகமூடியையும் தம் கணக்குக்கு மாற்றிக்கொண்டனர். 2012 ஜனவரி 31 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் திருட்டு என்று உறுதிசெய்தது. அவற்றைப் பெற அவன் செலவிட்ட உழைப்பும் நேரமும் அவற்றுக்கு மதிப்பளித்தன. அவை அவனுடைய கட்டுப்பாட்டில் இருந்தன. எனவே அவை சட்டத்தின் பார்வையில் பொருட்களே என்பது தீர்ப்பின் சாரம்.

மதிப்பீடு

நெதர்லாந்து வழக்கு ஒரு விளையாட்டாளருக்கும் அவரிடமிருந்து பறித்தவர்களுக்கும் இடையிலானது. அங்கே மெய்நிகர் பொருள் சொத்தாகவே கருதப்பட்டது. பிராக், எவன்ஸ் வழக்குகள் பயனருக்கும் அவ்வுலகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலானவை. அங்கே ஒப்பந்தமே மேலோங்கி நின்றது. நீதிமன்றம் இறுதி விடை சொல்லும் முன்பே வழக்குகள் சமரசமாயின. இதனால் திருடனிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு, கணக்கை முடக்கும் நிறுவனத்திடமிருந்து பயனருக்குக் கிடைக்கவில்லை. இன்றைய பெரும்பாலான இணைய விளையாட்டுகளும் மின்னூல் கடைகளும் வாங்கு என்ற பொத்தானின் பின்னால் உரிமத்தையே வழங்குகின்றன. செகண்ட் லைஃபில் எழுந்த கேள்வி அவற்றுக்கும் பொருந்தும்.