பல பட்டியல்களில் ஓரிடம்: சென்னைச் சுவடி அட்டவணைப் பணியும் தேர்வுப் படிமுறையும்

முன்னுரை

அகரவரிசையில் அமைந்த பல பட்டியல்களை ஒன்றாக்கினால் குறித்த ஓர் இடத்தில் எத்தலைப்பு நிற்கும்? அவற்றை ஒன்றாக்காமலே இதனைக் கண்டறிவது கணினியியலில் 'தேர்வு' எனப்படும் சிக்கல்களுள் ஒன்று. சென்னையில் நடைபெற்ற சுவடி அட்டவணைப் பணியை இச்சிக்கலின் வழியே இக்கட்டுரை நோக்குகிறது.

அட்டவணைகளின் அட்டவணை

ஜெர்மானிய அறிஞர் தியோடோர் ஆஃப்ரெக்ட், வடமொழிச் சுவடிகளின் அட்டவணைகளை ஒன்றிணைத்து 1891, 1896, 1903 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அதனைப் புதுக்கி விரிவாக்கும் பணியைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935இல் மேற்கொண்டது. 1886இல் தோன்றிய அடையாறு நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் முதலியவற்றின் பட்டியல்கள் இதற்கு மூலங்களாயின. வே. இராகவன் பதிப்பித்த முதல் தொகுதி 1949இல் அகரத்துடன் வெளிவந்தது. இறுதி எழுத்துகளுக்குரிய நூல்களைத் தேடுவோர் 21ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

தேர்வின் வழி

ஏழேழு தலைப்புகள் கொண்ட மூன்று பட்டியல்களைக் கொள்வோம். எத்தலைப்பும் இருமுறை வாராது எனவும் கொள்வோம். மொத்தம் 21, நடுவிலுள்ள 11ஆம் தலைப்பே தேவை. ஒவ்வொரு பட்டியலின் நடுத் தலைப்பையும் எடுத்து ஒப்பிடுக. மூன்றனுள் முற்பட்டதற்குப் பின்னே குறைந்தது 11 தலைப்புகள் உள்ளன. எனவே அதுவும் அதன் பட்டியலில் அதற்கு முந்திய மூன்றும் விடையாகா. அவ்வாறே பிற்பட்டதும் அதன் பட்டியலில் அதற்குப் பிந்திய மூன்றும் விலகும். எஞ்சிய 13இல் ஏழாவதைத் தேடினால் போதும். இத்தகைய தேடலுக்குத் தேவைப்படும் ஒப்பீடுகளின் அளவைப் பிரெடெரிக்சன், ஜான்சன் இருவரும் 1982இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

எல்லை

இம்முறைக்குப் பட்டியல்கள் யாவும் ஒரே வரிசையில் அமைதல் வேண்டும். சுவடி அட்டவணைகளோ சில பொருள்வாரியானவை. சில உரோமன் எழுத்து வரிசையின. ஒரே நூல் இரு பெயர்களில் வருவதும், இரு நூல்கள் ஒரே பெயர் தாங்குவதும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது ஒப்பீட்டுக் கணக்கன்று, புலமை.

முடிவுரை

தொகுதி எந்தத் தலைப்போடு முடியவேண்டும் என வரையறுக்கத் தேர்வு உதவும்; இன்ன நூல் இதுவே எனத் துணிய உதவாது. இன்று சுவடிப் பட்டியல்களைக் கணினியில் இணைப்போர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். விரைவாக்கத்தக்கது தேடல், அடையாளங்காணும் உழைப்பு அன்று.