அச்சமும் பெருமிதமும்: நாமக்கல்லில் கலையை அளக்கும் கோல்

நாமக்கல் மலையின் நரசிம்மர் குடைவரையைக் கலை என்று ஒப்புக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. அதே ஊரின் பாடி கட்டும் பட்டறையிலிருந்து வெளிவரும் லாரியைக் கலை என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவரவர் ரசனை என்று இதைத் தள்ளிவிடுவது ஆய்வாகாது. ரசனை எதன் மேல் நின்று மாறுகிறது என்பதைத் தமிழ் மரபு ஆராய்ந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியைக் கொண்டே இவ்விரண்டையும் அளக்க முடியும் என்பது என் வாதம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மெய்யில் வெளிப்படும் உணர்வுகளான மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. நகையும் உவகையும் பெறும் இடத்தை இளிவரலும் அச்சமும் வெகுளியும் பெறுகின்றன. கண்ணுக்கு இனியது மட்டுமே கலை என்ற எண்ணம் இங்கே நிற்காது. இது செய்யுளுக்கு எழுந்த இலக்கணம்தான். ஆனால் உரையாசிரியர்கள் நாடக நூல் கருத்துகளோடு சேர்த்தே இதை விளக்கியிருப்பதால், கல்லுக்கும் தகட்டுக்கும் நீட்டிப் பார்ப்பதில் பிழையில்லை.

இம்மலைக் குடைவரைகள் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதியர் குலத்துக் குணசீலனின் பெயரைக் கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. நரசிம்மர் குடைவரையில் மூலவர் அமர்ந்த கோலத்தில் இருக்கிறார். மண்டபச் சுவரிலோ அதே நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார். அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் களன்கள் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்னும் நான்கு. முதல் இரண்டும் இந்த ஓருருவில் கூடியிருக்கின்றன. சுவரைப் பார்த்துவிட்டுக் கருவறைப் பக்கம் திரும்புகிறவருக்கு, கிழித்த கையே காக்கும் கையாகத் தெரிகிறது. சிற்பியின் திறம் இந்தத் திருப்பத்தில் இருக்கிறது.

1790இல் வெளிவந்த நூலில் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட், பயனும் விருப்பும் கலவாத பார்வையே அழகை மதிப்பிடும் என்றார். அப்படியானால் கைகூப்பி நிற்பவரின் பார்வை கணக்கில் வராது. இதை நான் ஏற்கவில்லை. சிற்பி செதுக்கியது அவருடைய அச்சத்துக்காகத்தான். அச்சத்தை விலக்கிவிட்டுப் புடைப்பின் ஆழத்தை மட்டும் அளப்பவர் சிற்பத்தில் பாதியையே காண்கிறார். காசுக்குச் செய்தது கைத்தொழில் என்னும் பாகுபாடும் காண்ட்டின் இந்தப் பார்வைக்கு உடன்பிறப்பே. அதற்கு எடுத்துக்காட்டாக, நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை (1888–1972) படம் எழுதிப் பிழைத்தவர். கவிஞராகவே நிலைத்துவிட்டார், ஓவியர் பின்னுக்குப் போய்விட்டார்.

இனி லாரி. கம்பெனியிலிருந்து வெறும் சேஸாக வருவதன் மேல் ஆசாரி, வெல்டர், டிங்கர், பெயிண்டர் எனப் பல கைகள் படுகின்றன. உரிமையாளர் கதவைச் சாத்தித் திறந்து பார்க்கிறார், பலகை இணைப்பைத் தடவுகிறார், பிறகு எட்ட நின்று முகப்பைப் பார்க்கிறார். அங்கே குலசாமி பெயரும் பிள்ளைகள் பெயரும் நிழல்கோடு வைத்து எழுதப்பட்டிருக்கும். தகடு மடிந்து வளையும் இடத்திலும் எழுத்தின் கனம் குறையாமல் தூரிகையை இழுப்பது லேசான வேலையல்ல. பெருமிதத்தின் களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. கடன் வாங்கி வண்டி எடுத்தவரின் புகழ் அந்த முகப்பில் ஏறுகிறது. எழுதியவரின் கல்வி அந்தக் கோட்டில் தெரிகிறது.

சாலையில் கவிழ்ந்து கிடக்கும் லாரியும் அச்சம் தருமே, அதுவும் கலையா என்று கேட்கலாம். கலையல்ல. மெய்ப்பாடு தோன்றினால் மட்டும் போதாது. தோன்றுவதற்கென்று ஒரு கை தேர்ந்து செய்திருக்க வேண்டும். கணினியில் வெட்டி ஒட்டும் ஸ்டிக்கரையும் இந்த அளவுகோலால்தான் நிறுக்கிறேன். உரிமையாளரின் புகழுக்கு அதில் குறைவில்லை, எழுதுகிறவரின் கல்விக்குத்தான் இடம் சுருங்கிவிட்டது. கலை வரலாற்றுத் துறைகள் குடைவரைகளை அளந்து படியெடுக்கும் அதே கவனத்தோடு, தூரிகையால் எழுதும் பெயிண்டர்களின் எழுத்துகளையும் அவர்கள் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். குடைவரைக் கல்வெட்டு குணசீலனின் பெயரை நமக்குத் தந்தது, உளி பிடித்தவரின் பெயரைத் தரவில்லை.