கோப்புகளும் அமைப்புகளும்: பாறசாலை எல்லையில் ஓர் இடமாற்றத்தின் வரலாறு

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில், பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறுவோர்க்கென ஒரு கருவி இருந்தது. அதன் பெயரிலேயே கோப்புகளும் அமைப்புகளும் தனித்தனியே குறிப்பிடப்பட்டிருந்தன. பின்னர் வேறு பெயரில் தொடர்ந்த அக்கருவி விண்டோஸ் 10இல் கைவிடப்பட்டது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிவுற்றதால், ஆய்வாளர் பலர் மடிக்கணினியை மாற்றிவருகின்றனர். பெரும்பாலோர் ஆவணக் கோப்புறையை நகலெடுப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். கோப்பு வந்துசேர்கிறது, அதைப் படிக்க உதவிய அமைப்பு பழைய கருவியிலேயே தங்கிவிடுகிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லைச் சிற்றூர்களின் மொழியை ஆராய்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. கணினி வருவதற்கு முன்பே, ஓலையிலும் தாளிலும் அங்கு இது நிகழ்ந்திருக்கிறது.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் ஓலைச் சுருணைகளாகக் கேரள அரசின் ஆவணக்காப்பகத்திற்கு வந்தவை. அவற்றுள் பெரும்பகுதி வட்டெழுத்திலும் அதன் வழிவந்த மலையாண்மை முதலிய எழுத்துகளிலும் அமைந்துள்ளது. தென்திருவிதாங்கூரில் நெடுங்காலம் வழங்கிய இவ்வெழுத்துகள் ஆரிய எழுத்தின் பரவலால் வழக்கொழிந்தன. ஓலைகள் அழியவில்லை, இடமும் மாறிவிட்டன. ஆயினும் அவற்றைப் படிக்க இன்று தனிப்பயிற்சி பெற்றோர் தேவை. எழுதியவர்க்கு இயல்பாக இருந்த ஓர் அமைப்பு, அடுத்த தலைமுறைகளுக்கு மாற்றித் தரப்படவில்லை என்பதே இதன் பொருள்.

இரண்டாவது இடமாற்றம் 1956 நவம்பர் 1இல் நிகழ்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்தும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலை எல்லைப்புற ஊராயிற்று. நிலங்களோடு அவற்றின் ஆவணங்களும் புதிய நிர்வாகத்தின்கீழ் வந்தன. கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் பழைய ஆவணங்களுள் கணிசமானவை மலையாளத்தில் எழுதப்பட்டவை. தமிழில் இயங்கும் அலுவலகத்தில் அவற்றுக்கு இன்றும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறது. எல்லையின் ஒருபுறம் தண்டப்பேர் என்றும் மறுபுறம் பட்டா என்றும் வழங்கும் பதிவுகள் நெருங்கிய பணியையே செய்கின்றன. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே இட்டுப் படிக்க இயலாது.

ஆண்டுக்கணக்கு இதனினும் நுட்பமானது. திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் அமைந்தவை. ஓர் ஆவணத்தில் 1110 என்றிருந்தால், அது 1934 ஆகஸ்டு நடுப்பகுதியில் தொடங்கி 1935 ஆகஸ்டு நடுப்பகுதி வரை நீளும் ஆண்டு. மாதத்தைப் பொறுத்து 824ஐயோ 825ஐயோ கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆய்வாளர் தம் விரிதாளில் 1110 என்று மட்டும் பதிந்து, அது கொல்லம் ஆண்டு என்பதைத் தலைப்பில் குறிக்காவிட்டால், அவ்வமைப்பு அவருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. விரிதாளை வேறொருவர் பெறும்போது அந்த எண் கிறித்து ஆண்டாகவே படிக்கப்படும்.

மூன்றாவது இடமாற்றம் கணினியில் நிகழ்வது. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே தமிழையும் மலையாளத்தையும் உள்ளடக்கியிருந்தது. விண்டோஸில் தமிழ் ஒருங்குறி 2000இல் வெளிவந்த பதிப்பிலும், மலையாளம் 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் மேம்பாட்டுத் தொகுப்பிலும் இடம்பெற்றன. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னும் தட்டச்சுப் பணி பழைய எழுத்துருக்களில் நடந்தது. ஈழத்தமிழரிடையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில், கேரளத்தில் ஐஎஸ்எம் மென்பொருளின் எழுத்துருக்கள் எனப் பலவும் வழங்கின. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளை ஏற்றது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியும் டேஸ்16உம் அரசின் தரங்களாயின.

பழைய எழுத்துருவில் கணினி சேமித்துவைப்பது தமிழ் எழுத்தை அன்று. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத, ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தட்டப்படும். கோப்பில் இருப்பவை அவைதாம். திரையில் அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துருவின் வேலை. பாமினி நிறுவப்படாத புதிய மடிக்கணினியில் அதே கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும்.

எல்லைச் சிற்றூர்களின் தரவுக்கு இங்கே தனிப்பட்ட ஆபத்து ஒன்று உள்ளது. அவ்வூர்களில் ஒரே பேச்சாளர் ஒரே உரையாடலில் தமிழிலிருந்து மலையாளத்திற்கும் மீண்டும் தமிழுக்கும் செல்வது இயல்பு. அதனை எழுத்துப்பெயர்த்த கோப்பில் தமிழ்ச் சொற்கள் ஒரு பழைய எழுத்துருவிலும் மலையாளச் சொற்கள் வேறொன்றிலும் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே ஆங்கில எழுத்துக் குறிகளையே கடன்வாங்குகின்றன. எது எம்மொழி என்பதைக் காட்டுவது எழுத்துருவின் பெயர் மட்டுமே. அக்கோப்பை எளிய உரையாகச் சேமித்தால் எழுத்துருக் குறிப்பு நீங்கும்; மொழிகளின் எல்லையும் அதனுடன் நீங்கும். மொழிமாற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பதே ஆய்வுப்பொருளாக இருக்கையில், இழக்கப்படுவது அந்த ஆய்வின் சான்று.

மாற்றிகள் இதனை முழுமையாகத் தீர்ப்பதில்லை. தமிழுக்குப் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் ஆகியனவும், மலையாளத்திற்குப் பய்யன்ஸும் பயனுள்ள கருவிகள். ஆயினும் எளிய உரையாக இடும்போது, தரப்பட்ட உரை முழுவதும் ஒரே குறிமுறையில் இருப்பதாகக் கொண்டே அவை இயங்குகின்றன. இருமொழிக் கோப்பை மொழிவாரியாகப் பிரித்த பின்னரே அவற்றிடம் தரவேண்டும். ஒருங்குறிக்கு வந்த பின்னும் சரிபார்ப்பு தேவை. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008இல் வெளிவந்த 5.1ஆம் பதிப்பில்தான் தனிக்குறிகள் கிடைத்தன. ஆகவே ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’ என்பவற்றின் மலையாள வடிவங்கள் பழைய கோப்பில் ஒருவகையாகவும் புதிய கோப்பில் வேறுவகையாகவும் பதிவாகியிருக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும், சொல் எண்ணிக்கை எடுக்கையில் அவை இரு சொற்களாகப் பிரியும். தமிழில் ‘ஸ்ரீ’ என்பதற்கும் இவ்வாறே இருவகைப் பதிவு உண்டு.

எழுத்துருவுக்கு அப்பாலும் அமைப்புகள் உள்ளன. வேர்ட் செயலியில் ஆய்வாளர் சேர்த்த தனியகராதி ஆவணக் கோப்புறையில் இராது. மறைந்திருக்கும் பயனர் கோப்புறையில் இருக்கும். ஸோட்டெரோவின் தரவு இயல்பாகத் தனிக்கோப்புறையில் அமையும். ஈலான் கோப்பில் ஒலிப்பதிவு இராது. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். ஒலிக்கோப்பு இடம் மாறினால் எழுத்துப்பெயர்ப்பு குரலிலிருந்து பிரிந்துவிடும்.

எனவே பழைய மடிக்கணினி இயங்கும்போதே செய்யவேண்டியவை சில. எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் முதலில் நகலெடுத்தல் வேண்டும். இருமொழிக் கோப்புகளைப் பழைய கணினியிலேயே திறந்து, சரியாகத் தெரியும் நிலையில் பிடிஎஃப் வடிவிலும் சேமித்தல் வேண்டும். மாற்றிய கோப்பை அப்படிமத்தோடு ஒப்பிடும்வரை மூலத்தை அழித்தல் கூடாது. எந்த எழுத்துரு, எந்த ஆண்டுக்கணக்கு, எந்தக் குறியீடு எதனைச் சுட்டுகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தரவுடன் வைத்தல் வேண்டும்.

ஒருங்குறியில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. மலையாளக் ககரத்தின் எண் 3349. ழகரங்களின் எண்கள் 2996, 3380. இரண்டு இணைகளிலும் இடைவெளி 384தான். இரு மொழிகளின் அட்டவணைகளும் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதால் இவ்வொப்புமை கிடைக்கிறது. ஆயினும் ஒவ்வொரு எழுத்தும் எம்மொழிக்குரியது என்பது அதன் எண்ணிலேயே பதிந்திருக்கிறது. பாறசாலையின் முதியோர் பேச்சைப் பதிவுசெய்த கோப்புகளை இந்நிலைக்குக் கொணர்ந்த பின்னரே, பழைய மடிக்கணினியை அணைக்கலாம்.