ஜுர்ஜானியும் கழுத்துக் கழலையும்: ஒரு நோயின் தொள்ளாயிரம் ஆண்டு வரலாறு

மதரஸாவில் ஓதியவர்களிடம் ஜுர்ஜானி என்ற பெயரைச் சொன்னால் இருவர் நினைவுக்கு வருவர். ஒருவர், பலாகத் கலைக்கு அடித்தளமிட்ட அப்துல் காஹிர் அல் ஜுர்ஜானி (ரஹ்). மற்றவர், 'தஅரீஃபாத்' என்னும் கலைச்சொல் நூலைத் தந்த ஸய்யித் ஷரீஃப் ஜுர்ஜானி (ரஹ்). மூன்றாவதாகவும் ஒரு ஜுர்ஜானி இருந்தார். அவர் மருத்துவர். பாடத்திட்டத்தில் அவருக்கு இடமில்லாததால் ஆலிம்களிலும் பலர் அவரை அறியார். நாமும் பட்டயப் படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் கழித்தே அவர் பெயரைக் கேள்வியுற்றோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

ஸய்யித் இஸ்மாயீல் அல் ஜுர்ஜானி, காஸ்பியன் கடலின் தென்கிழக்கே உள்ள ஜுர்ஜான் நகரத்தவர். பதினோராம் நூற்றாண்டில் பிறந்த அவர், முதிய வயதில், ஹிஜ்ரி 504இல் (கி.பி. 1110) க்வாரஸ்ம் நாட்டுக்குச் சென்று அதன் ஆட்சியாளர் குத்புத்தீன் முஹம்மதின் அவையில் மருத்துவராக அமர்ந்தார். அல்பீரூனி பிறந்த மண் அது. அங்கே அவர் இயற்றியதுதான் 'தகீரா க்வாரஸ்ம்ஷாஹி', அதாவது க்வாரஸ்ம் மன்னரின் கருவூலம். மருத்துவ நூல்களை அரபியில் எழுதுவதே அறிஞர் வழக்கமாக இருந்த அக்காலத்தில் அவர் பாரசீகத்தில் எழுதினார். அம்மொழியில் எழுந்த முதல் பெரும் மருத்துவக் களஞ்சியம் அதுவே.

பிற்காலத்தில் அந்நூலின் சுருக்கம் ஒன்றை அத்ஸிஸ் என்னும் இளவரசருக்காக எழுதினார். குதிரையில் செல்வோர் தம் தோற்காலுறைக்குள் செருகிக்கொள்ளத் தக்கவாறு இரு நெடிய சுவடிகளாக அது அமைந்ததால் 'குஃப்ஃபி' என்று பெயர் பெற்றது. உளூவில் குஃப்ஃபின் மீது மஸ்ஹு செய்யும் சட்டத்தை ஓதிய நம் பிள்ளைகளுக்கு இப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கழுத்தின் முன்புறம் கழலை கண்ட சிலருக்குக் கண்விழிகளும் வெளியே துருத்தி நிற்பதை ஜுர்ஜானி கண்டார். கழுத்து வேறு, கண் வேறு என்று விட்டுவிடாமல் இரண்டையும் சேர்த்தே தம் நூலில் பதிந்தார். இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலேயே இதன் சாயல் உண்டு என்று ஆய்வாளர் சிலர் எழுதியுள்ளனர். எவ்வாறாயினும், ஐரோப்பிய மருத்துவர்கள் இத்தொடர்பைத் தாமாகக் கண்டறிந்து எழுதியதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பதிவு இது.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஹார்மோனைக் கண்டுபிடித்தவர்களே முஸ்லிம்கள்தாம் என்ற பாணியில் கைபேசிகளில் வலம் வரும் செய்திகளை வாசகர்கள் கண்டிருப்பர். அது உண்மையன்று. ஹார்மோன் என்னும் சொல்லையே லண்டன் பேராசிரியர் ஸ்டார்லிங் 1905இல்தான் வழங்கினார். தைராய்டு ஒரு நீரைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது என்பதையோ, அது மிகுந்தால் நோய் என்பதையோ ஜுர்ஜானி சொல்லவில்லை. ஒருவர் சொல்லாததை அவர் பெயரில் ஏற்றுவது எத்தகைய குற்றம் என்று ஹதீஸ் பாடத்தில் மாணவர்களுக்குக் கற்பிக்கும் நாம், வரலாற்றில் மட்டும் அதைச் செய்யலாமா? கூர்ந்து பார்த்தார், பார்த்ததை எழுதினார். அவருக்கு அந்தப் பெருமையே போதும்.

பிறகு நெடுங்காலம் கழிந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் கேலப் பாரி என்னும் மருத்துவர் 1786 முதல் இத்தகைய நோயாளிகளைக் கண்டு குறிப்பெழுதி வந்தார். அவர் இறந்த பின் 1825இல் அக்குறிப்புகள் அச்சேறின. கழுத்து வீக்கத்தோடு இதயம் கடுமையாகப் படபடப்பதையே அவர் முதன்மையாகக் கண்டார். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், ஜெர்மனியின் மெர்ஸபர்க் நகரில் கார்ல் வான் பாஸெடோ 1840இலும் இதே நோயை விவரித்தனர். கழலை, துருத்திய கண், படபடக்கும் இதயம் ஆகிய மூன்றும் 'மெர்ஸபர்க் மும்மை' எனப் பெயர் பெற்றன. நோயின் வேர் இதயத்தில் இருப்பதாகவே அக்காலத்தவர் பலர் எண்ணினர். தைராய்டின் மிகைச் செயல்தான் காரணம் என்று ஜெர்மானியரான மோபியஸ் 1886இல் முன்மொழிந்த பிறகே பார்வை கழுத்தின் பக்கம் திரும்பியது. இன்றும் இந்நோய் ஆங்கிலம் பேசுவோரிடம் கிரேவ்ஸின் பெயராலும் ஜெர்மனியில் பாஸெடோவின் பெயராலும் வழங்குகிறது.

நாம் இவ்வரலாற்றைத் தேடிப் போன காரணத்தை இனிச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மதரஸா மாணவி ஒருத்தியின் தாயார், ஸஜ்தாவிலிருந்து எழ இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார். வயது நாற்பதைக்கூட எட்டவில்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் வராது. நன்றாக உண்டும் உடல் மெலிந்துகொண்டே போயிற்று. கண்ணேறு என்றார் ஒருவர். ஜின்னின் தீண்டல் என்றார் இன்னொருவர். "ஹஜ்ரத், கொஞ்சம் ஓதிப் பாருங்கள்" என்று அவரை நம்மிடம் அழைத்து வந்தனர். நாமும் ஓதினோம், தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். ஓதியதில் தவறில்லை. ஆனால் "மருத்துவரிடம் போய் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்குத் தோன்றவில்லை. அவருடைய கண்கள் துருத்தியிருந்ததை நாம் பார்க்காமலில்லை. அதை அச்சம் என்று எண்ணிக்கொண்டோம். ஏழு மாதங்கள் கழித்து, செவிலியராகப் பணிபுரியும் உறவுக்காரப் பெண் ஒருவர் பெருநாள் விருந்தில் அவர் கழுத்தைக் கண்டு ஐயுற்று மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தைராய்டு மிகைச் சுரப்பு என்று தெரியவந்தது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவிய செய்தியைப் பலமுறை பாடம் நடத்தியவர்கள் நாம்.

ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமை இந்நோயில் தற்செயலானதன்று. தைராய்டு நீர் அளவுமீறினால் உடல் தன் தசைப் புரதத்தையே கரைக்கிறது. இடுப்பையும் தொடையையும் தோளையும் சார்ந்த பெருந்தசைகள் முதலில் தளர்கின்றன. எனவே நடக்க முடிந்தவரும் குந்திய நிலையிலிருந்து எழவோ மாடிப்படி ஏறவோ தடுமாறுவார்.

எலும்பின் கதை இன்னும் மறைவானது. வலியின்றி நடப்பதால் எவரும் அதைக் காண்பதில்லை. தைராய்டு மிகைச் சுரப்பால் இறந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் புழு அரித்தவை போல் இருந்ததை ஜெர்மானிய மருத்துவர் வான் ரெக்லிங்ஹௌஸன் 1891இல் பதிந்தார். பழைய எலும்பைக் கரைப்பதும் புதிய எலும்பைக் கட்டுவதும் நம் உடலில் ஓயாது நடக்கும் பணிகள். தைராய்டு நீர் மிகும்போது இரண்டும் விரைவடைகின்றன. ஆனால் கரைக்கும் வேகத்துக்குக் கட்டும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1929இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயாளிகளின் உடலிலிருந்து கால்சியம் இயல்பைவிட மிகுதியாகக் கழிந்து வெளியேறுவதை அளந்து காட்டினர்.

அந்தத் தாயார் சிகிச்சை பெற்றுத் தேறினார், அல்ஹம்துலில்லாஹ். சிகிச்சையில் சுரப்பி அடங்கிவிட்டதால், பலருக்கு நேர்வது போல அவருக்கும் அதன் பின் சுரப்பு குறைந்தது. வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும் என்றாயிற்று. அப்போது அவர் கேட்டனுப்பிய கேள்விதான் நம்மைப் படிக்க வைத்தது: "ஹஜ்ரத், இந்த மாத்திரையை எதிலிருந்து எடுக்கிறார்கள்? பன்றியிலிருந்து என்கிறார்களே?"

கேள்வி பொருளற்றதன்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், சுரப்புக் குறைவால் வீங்கிச் சோர்ந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு 1891இல் செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அவர் தேறினார். மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார். அத்தனை ஆண்டுகளில் அவருக்காகப் பயன்பட்டவை 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள்! பின்னர் பன்றியின் சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரைகளும் வந்தன. சில நாடுகளில் இன்றும் விற்பனையாகின்றன. ஆயினும் 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் சோதனைக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் லெவோதைராக்ஸின் அவ்வாறு செயற்கையாக ஆக்கப்படுவது. அதன் மூல மருந்துக்கும் பன்றிக்கும் தொடர்பில்லை. இதை அறியாமல் மாத்திரையை நிறுத்திவிடுவோர் இருப்பதால்தான் விரித்து எழுதுகிறோம்.

மாத்திரையை நிறுத்துவது ஒரு தவறு என்றால், 'சோர்வாக இருக்கிறது' என்று தாமாகவே கூட்டிக்கொள்வது இன்னொரு தவறு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 60 வயதைக் கடந்த 2007 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994இல் வெளியாயிற்று. தைராய்டு நீர் மிகும்போது டி.எஸ்.எச். என்னும் அளவு குறையும். அவ்வாறு மிகவும் குறைந்திருந்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் கோளாறு ஏற்பட்டது. இயல்பான அளவு உடையவர்களில் அது 11 பேருக்கே. அக்கோளாறு பக்கவாதத்துக்கு வழிவகுக்கக் கூடியது. 65 வயதைக் கடந்த பெண்களிடம் நடந்து 2001இல் வெளியான மற்றோர் ஆய்வில், டி.எஸ்.எச். அவ்வாறு தாழ்ந்திருந்தோருக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. மறுபுறம், சற்றே சுரப்புக் குறைந்த 737 முதியோரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், மாத்திரை உண்டவர்களின் சோர்வு உண்ணாதவர்களைவிடக் குறையவில்லை. பரிசோதனைத் தாளில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டது என்பதற்காக வீட்டுப் பெரியவர்களுக்கு மருந்து கேட்டு வற்புறுத்துவோர் இதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

நோன்பு நெருங்கியபோது அந்தத் தாயார் மீண்டும் கேட்டனுப்பினார். லெவோதைராக்ஸினை வெறும் வயிற்றில் உண்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உணவு கொள்ள வேண்டும். ஸஹர் நேரத்தில் அதற்கு இடம் போதவில்லை. இம்முறை நாம் விடை சொல்லவில்லை. ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் அனுப்பினோம். இஃப்தாரோடு உணவை முடித்துக்கொண்டு, தராவீஹ் தொழுத பின் மூன்று மணி நேர இடைவெளி கண்டு, உறங்கப்போகும் முன் மாத்திரையை உண்ணுமாறு மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். எலும்புக்கான கால்சியம் மாத்திரை இதனோடு சேர்ந்தால் இது உடலில் ஏறாது; இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும். எனவே அதை ஸஹருக்கு ஒதுக்கினார்.