முதலாளி துபாயில், கம்பெனி நாகர்கோவிலில்: வரி நோட்டீஸை தவறவிடாமல் இருப்பது எப்படி?

குளச்சல், மார்த்தாண்டம் பகுதிகளில் இருந்து வளைகுடா போனவர்களில் சிலர், ஊரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி அங்கிருந்தே நடத்துகிறார்கள். இவர்கள் தபாலை மட்டும் நம்பி இருந்தால் சிக்கல்தான்.

ஏன்?

வரித்துறை இணையதளத்தில் கம்பெனியின் கணக்கில் பதிவேற்றுவதும் நோட்டீஸ் வழங்கும் முறைகளில் ஒன்று என்கிறது சட்டம். ஜிஎஸ்டி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 3 மாதம்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 1 மாதம் கிடைக்கலாம்.

எங்கே பார்க்கணும்?

வருமான வரி தளத்தில் 'இ-புரொசீடிங்ஸ்' பகுதி. ஜிஎஸ்டி தளத்தில் 'நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்', 'அடிஷனல் நோட்டீசஸ்' இரண்டையும் திறந்து பாருங்க. வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

அலர்ட் யாருக்குப் போகும்?

பதிவு செய்த இமெயில், மொபைலுக்குத்தான். அங்கே ஆடிட்டர் இமெயில் மட்டும் இருந்தால், உங்களுக்குத் தகவல் வராது. உங்க இமெயிலைப் பதிவு செய்யுங்க. ஓடிபி வரும் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுடாதீங்க.

தபால் வந்தால்?

பதிவு அலுவலக முகவரியில் கடிதம் வாங்க ஆள் இருக்கணும். முகவரி மாறினால் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். டைரக்டர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்த டைரக்டரிடமே தபால் பொறுப்பையும் கொடுக்கலாம்.

போலியா, நிஜமா?

வருமான வரி நோட்டீஸில் 'டின்' எனப்படும் ஆவண எண் இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் இந்த நடைமுறை உள்ளது. இ-ஃபைலிங் தளத்தில் லாகின் செய்யாமலே அதைச் சரிபார்க்கலாம். அதற்கு முன் இமெயிலில் வந்த எந்த லிங்கையும் தொடாதீங்க.