பயணச்சீட்டு சொல்லும் பொருளியல்



ஒரு நாட்டு மக்களின் உழைப்புத் திறனை எவ்வாறு அளப்பது என்று கேட்டால், வயலையும் ஆலையையும் காட்டி விடை கூறுதல் எளிது. உழவர் ஒருவர் ஒரு போகத்தில் எத்தனை மூட்டை நெல் விளைவித்தார், நெசவாளி ஒருவர் ஒரு நாளில் எத்தனை கெஜம் துணி நெய்தார் என்பவற்றை எண்ணலாம், நிறுக்கலாம். ஆனால் அஞ்சல்காரரும் செவிலியரும் இரயில் நிலைய எழுத்தரும் ஆசிரியரும் மாலையில் வீடு திரும்பும்போது, 'இன்று நான் ஆக்கிய பொருள் இது' என்று எடுத்துக்காட்ட அவர்கள் கையில் ஒன்றும் இராது. அவர்கள் ஆக்குவது பொருளன்று, பணி. இத்தகைய பணிகள் அனைத்தையும் சேர்த்தே பொருளியலார் சேவைத்துறை என்பர். இன்று இந்திய நாட்டு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி இத்துறையிலிருந்து கிடைக்கிறது. ஆகவே இதன் உழைப்புத் திறனை அறியாமல் நாட்டின் முன்னேற்றத்தை அறிந்துவிட முடியாது.

இப்பணிகளை மதிப்பிடுவதில் அறிஞர்களே நெடுங்காலம் இடர்ப்பட்டனர். பொருளியலின் தந்தை எனப் போற்றப்பெறும் ஆடம் ஸ்மித், 1776-இல் வெளியிட்ட தம் பெருநூலில், வீட்டு வேலையாளின் உழைப்பு செய்த கணமே மறைந்துவிடுகிறது என்று கூறி, அதனை ஆக்கமற்ற உழைப்பின் வரிசையில் வைத்தார். அவ்வரிசையிலேயே அரசரும் வழக்கறிஞரும் மருத்துவரும் கல்விமான்களும் இசைவாணரும் இடம்பெற்றனர் என்பது நோக்கத்தக்கது. சோவியத் நாட்டின் கணக்கு முறையோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. சரக்கு ஏற்றிச் செல்லும் இரயிலின் உழைப்பு அங்கே நாட்டு வருமானத்தில் சேரும்; மனிதரை ஏற்றிச் செல்லும் இரயிலின் உழைப்பு சேராது! கண்ணுக்குத் தெரியும் பொருளே செல்வம் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரயிலைக் குறிப்பிட்டேன். அதனையே இன்று நம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வளரும் நாடொன்றில் சேவைத் தொழிலின் திறன் எப்படி உயர்ந்தது, அவ்வுயர்வை எப்படி அளப்பது என்னும் இரண்டையும் ஒரு சிறு பயணச்சீட்டின் வரலாறு நமக்கு விளக்கவல்லது.

இங்கிலாந்தில் இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், பயணியின் சீட்டை எழுத்தர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். குதிரை வண்டிக் காலத்து வழக்கம் அது. 1830-களின் பிற்பகுதியில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அலுவலர், ஊர்ப்பெயரும் வரிசை எண்ணும் முன்னதாகவே அச்சிட்ட சிறு கெட்டி அட்டைகளைப் புகுத்தினார். தேதி பதிக்க ஒரு சிறு பொறியும் அமைத்தார். எழுத வேண்டிய வேலை ஓர் அழுத்தலில் முடிந்தது. மாலையில் மீந்த அட்டையின் எண்ணைப் பார்த்தாலே, விற்றவை எத்தனை, வரவேண்டிய பணம் எவ்வளவு என்பது விளங்கிற்று. எழுத்தரின் கை விரைந்ததோடு, கணக்கும் நேர்மையாயிற்று. 1853-இல் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே நம் நாட்டின் முதற் பயணிகள் இரயில் ஓடியது. பின்னர் நம் நாட்டிலும் பரவிய அந்த அட்டைச் சீட்டு, நூறாண்டுக்கு மேலாக நம் மக்களின் கைகளில் வழங்கிற்று.

ஆனால் இருக்கையை முன்பதிவு செய்யும் வேலை அட்டையால் தீரவில்லை. என் இளமையில், 1970-களின் இறுதியில், அது எவ்வாறு நடந்தது என்பதை நான் நன்கு அறிவேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெரும் பதிவேடு. ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு பக்கம். எழுத்தர் அப்பக்கத்தைத் தேடியெடுத்து, பெயரும் வயதும் பெட்டியும் படுக்கை எண்ணும் எழுதுவார். பதிவேடு ஒன்றே ஆதலின், அந்த வண்டிக்கு அந்தச் சாளரத்தில்தான் இடம் கிடைக்கும். அடுத்த சாளரத்தில் எழுத்தர் வேலையின்றி அமர்ந்திருப்பினும் நமக்குப் பயனில்லை. திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமாயின், அவ்வூருக்குத் தந்தி அனுப்பி மறுமொழிக்குக் காத்திருத்தல் வேண்டும். எழுத்தர் சோம்பேறியாக இருந்தமையால் வரிசை நீளவில்லை. வேலையின் அமைப்பே அவரைக் கட்டிவைத்திருந்தது. மாணவர்கள் இவ்விடத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உழைப்புத் திறன் குறைவு என்பது பெரும்பாலும் உழைப்பவரின் குறையன்று. அவர் கையில் உள்ள கருவியின் குறை, அவரைச் சூழ்ந்துள்ள முறையின் குறை.

1985-இல் புதுதில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கிற்று. சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களுக்கும் அது பரவிற்று. இப்போது எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் பெறலாம். 1999-இல் பெருநிலையங்களின் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. திரும்பும் பயணத்துக்கான தந்தியும் தேவையற்றதாயிற்று. 2002-இல் இணையத்தின் வழியே சீட்டுப் பெறும் வசதி வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் பத்துக்கு எட்டுக்கும் மேல் அவ்வழியிலேயே பெறப்படுகின்றன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1990-91-இல் இந்திய இரயில்வேயில் ஏறத்தாழ 16½ இலட்சம் ஊழியர் இருந்தனர்; அவ்வாண்டு பதிவான பயணங்கள் சுமார் 386 கோடி. 2018-19-இல் ஊழியர் ஏறத்தாழ 12¼ இலட்சம்; பயணங்கள் சுமார் 844 கோடி. வகுத்துப் பாருங்கள். ஓர் ஊழியருக்கு 2,300 பயணங்கள் என்றிருந்த நிலை, 6,800-ஐத் தாண்டிவிட்டது. உழைப்புத் திறன் மும்மடங்காயிற்று என்று முடிவு கட்டிவிடலாமா?

அவசரப்படலாகாது. இவ்வெண்ணுக்குப் பின்னால் மூன்று செய்திகள் மறைந்துள்ளன.

முதலாவது, இதன் பெருமை முழுவதும் கணிப்பொறியைச் சாராது. நீராவி வண்டிக்குக் கரி அள்ளிப் போடவும், தண்ணீர் நிரப்பவும், சாம்பல் அகற்றவும் வேண்டியிருந்த கைகள் பல. டீசலும் மின்சாரமும் வந்தபின் அவை வேண்டாதனவாயின. பல காரணங்கள் கூடி ஒரு விளைவைத் தருவது வரலாற்றின் இயல்பு.

இரண்டாவது, முன்பு இரயில்வே ஊழியரே செய்த துப்புரவு, உணவு வழங்கல் முதலிய வேலைகளில் பல இன்று ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டுள்ளன. பெட்டியைத் துடைக்கும் கை இன்றும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஊழியர் பட்டியலில் மட்டும் அக்கைக்கு இடமில்லை. ஆளைக் கணக்கிலிருந்து நீக்குவதால் திறன் உயர்ந்ததாகக் காட்டுதல், வராத மாணவன் பெயரை அடித்துவிட்டு வருகை நூற்றுக்கு நூறு என்று எழுதுவதை ஒக்கும்.

மூன்றாவது, இணையத்தில் சீட்டுப் பெறும்போது எழுத்தரின் வேலையை நாமே செய்கிறோம். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயினும், நீதியாகப் பார்த்தால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்பு விடியற்காலையில் வரிசையில் நின்ற பல்லாயிரம் பேர் இழந்த நாட்கூலியும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த இழப்பு நீங்கியது பெரும் ஆதாயம். அதையும் ஒருவரும் எண்ணவில்லை.

கணிப்பொறியை ஊழியர் அஞ்சியதும் வரலாற்றில் உண்டு. 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த நாட்டில் அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் முறையன்று. 1980-களின் இறுதியிலிருந்து தெருத்தோறும் தோன்றிய தொலைபேசிக் கூடங்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. கைப்பேசி பரவியதும் அவை மறைந்தன. தந்திப் பணியும் 2013-இல் முடிவுற்றது. திறன் உயரும்போது நாடு பெறுவது ஊதியம். ஆனால் அதன் விலையை ஒரு சிலரே கொடுக்க நேர்கிறது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கற்பிப்பது நாட்டின் கடமையாகும்.

இறுதியாக, எல்லாச் சேவையும் ஒரு தன்மையன அல்ல என்பதைக் கூறி முடிக்கிறேன். 1966-இல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கலைத் தொழில்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். ஆலையில் ஆண்டுதோறும் உழைப்புத் திறன் உயர்கிறது. ஆனால் நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இருவரைக் கொண்டு வாசிக்கவும் இயலாது, பாதி நேரத்தில் முடிக்கவும் இயலாது என்பது அவர்கள் காட்டிய உண்மை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு இது புதிதன்று. நாற்பது பேருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரிடம் எண்பது பேரை அமர்த்திவிட்டால், ஏட்டின்படி அவர் திறன் இருமடங்காகும். கடைசிப் பலகையில் இருப்பவன் கணக்குப் புரியாமல் விழிப்பது அந்த ஏட்டில் வராது.

உங்களுள் பலர் நாளை வங்கியிலோ, மருத்துவமனையிலோ, பள்ளியிலோ, அலுவலகத்திலோ பணிபுரியப் போகிறவர்கள். உங்கள் உழைப்பையும் யாரோ ஒருவர் எண்ணால் அளப்பார். அப்போது மூன்று வினாக்களை அஞ்சாமல் கேளுங்கள்: யாருடைய நேரம் மிச்சமாயிற்று? யாருடைய உழைப்பு கணக்கில் விடுபட்டது? பணியின் தரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா? இம்மூன்றுக்கும் விடை கூறும் எண்ணே உண்மையான எண்.